ஏழாம் எண் துண்டு

கர்ப்பிணிகளுக்கென்று தனியாக உடை தைப்பது வீண் செலவு என்பதுதான் வெகுகாலம் என் கட்சி. தையற்காரி சொல்லக்கூடாத பேச்சு. சிங்கப்பூரில் தேக்கா நிலையத்து மாடியில் ஒரு தையல் கடையில் 14 ஆண்டுகள் வேலை பார்த்தேன். நான்காம் மாதத்து வயிற்றோடு அளவு கொடுக்க வந்த எத்தனையோ பெண்களை, "இப்போது எதற்கம்மா புதிது? பழைய சுடிதாரைக் கொண்டு வா, பக்கத்தில் பிரித்துவிட்டுத் தருகிறேன்" என்று திருப்பி அனுப்பியிருக்கிறேன். முதலாளி முகம் சுளிப்பார். நான் என்ன செய்ய? உள்ளே இரண்டு பக்கமும் ஓர் அங்குலம் துணி விட்டுத் தைப்பது நம்மவர்களின் வழக்கம். வெளியே தெரியாத அந்த ஓர் அங்குலம், கல்யாணத்துக்குத் தைத்த ரவிக்கையை முதல் பிள்ளையின் காதுகுத்து வரை கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். மீதிக்குச் சேலை இருக்கிறது. ஐந்தரை மீட்டர் துணியில் கொசுவத்தை இரண்டு மடிப்புக் குறைத்தால் ஆறாம் மாதம், நான்கு மடிப்புக் குறைத்தால் எட்டாம் மாதம். வீட்டில் நைட்டி இருக்கிறது. நைட்டியைக் கேலி செய்கிறவர்கள் உண்டு. ஆனால் எந்த மாதத்திலும், பிள்ளை பிறந்த பிறகும், பிள்ளை இல்லாமலே வயிறு வைத்த பிறகும் பொருந்துகிற அந்த உடையைக் கண்டுபிடித்தவருக்கு யாராவது சிலை வைத்தால் நன்கொடை தர நான் தயார்.

இந்தக் கட்சியை உடைத்தவள் என் நாத்தனாரின் மகள். வயது 31, ராஃபிள்ஸ் பிளேஸில் ஓர் அலுவலகத்தில் வேலை, முதல் பிள்ளை. சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஈசூனில் என் வீட்டுக்கு வந்து, ஒரு பையைச் சோபாவில் கவிழ்த்தாள். கடைத்தொகுதியில் வாங்கிய மூன்று கர்ப்பகால உடுப்புகள். நான்காம் மாதத்தில் கோணிப்பை போல் தொங்குகிற ஒன்று, எட்டாம் மாதத்தில் நிச்சயம் பிடிக்கப்போகிற ஒன்று, பிள்ளை பிறந்த மறுநாளிலிருந்து எதற்கும் உதவாத ஒன்று. மூன்றுமாகச் சேர்த்து 240 வெள்ளி. "சேலையும் வேண்டாம் நைட்டியும் வேண்டாம் அத்தை, அவற்றில் நான் கூட்டத்துக்குப் போய் உட்கார முடியாது. ஒரே சட்டை. தோளும் கையும் அப்படியே இருக்கட்டும். வயிற்றுக்கு முன்னால் வருகிற துண்டை மட்டும் கழற்றி வேறு மாட்டிக்கொண்டே போக முடியாதா? கையும் கழற்ற வர வேண்டும். அலுவலகத்தில் குளிர் நடுக்குகிறது, ரயில் நிலையத்தைவிட்டு வெளியே வந்தால் வெந்து போகிறேன்."

அறையின் மூலையில் பழங்கள் நறுக்கிக்கொண்டிருந்த என் மாமியார் நிமிர்ந்து பார்த்தார். "துண்டு துண்டாகவா? எங்கள் காலத்தில் ஒரு கைலி. இறுக்கிச் சொருகினால் ஒன்றாம் மாதம், தளர்த்திச் சொருகினால் பத்தாம் மாதம்." அவர் 1966-இல் கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில் பிள்ளை பெற்றவர். எருமைக் கொட்டில் என்று மலாயில் பொருள்படும் அந்தப் பெயரோடு அந்த மருத்துவமனையில் அந்த ஓராண்டில் மட்டும் 39,835 குழந்தைகள் பிறந்தன. கின்னஸ் புத்தகத்தில் ஏறிய கணக்கு அது. அவற்றுள் ஒன்று என் கணவர். அத்தனை பேரின் தாய்மாரும் கைலியிலும் சேலையிலும், மலாய்ப் பெண்களின் பாஜு குரோங்கிலும் சீனப் பெண்களின் சம்ஃபூவிலும் சமாளித்திருக்கிறார்கள் என்பது மாமியாரின் வாதம். மறுத்துச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு தையற்காரியிடம் "முடியாதா?" என்று கேட்டுவிட்டு யாரும் நிம்மதியாக வீட்டுக்குப் போக முடியாது. அன்று இரவே மாதிரித் தாளை விரித்துவிட்டேன்.

எங்கே இணைப்பது, எதனால் இணைப்பது

உடுப்பு எளிது. தோளிலிருந்து கீழே இறங்கும் இரண்டு முன்தையல்கள். மார்புக்குக் கீழே அவற்றைத் தைத்து மூடாமல் திறந்து விட்டு, நடுவே வரும் துண்டைத் தனியாக வெட்டுவது. வயிறு பெரிதாகப் பெரிதாக அகலமான துண்டு. புதிதாகத் தைக்கிறவர்கள் எல்லாரும் செய்கிற பிழை ஒன்று இங்கே உண்டு. அகலத்தை மட்டும் கூட்டி, நீளத்தை மறந்துவிடுவார்கள். வயிறு துணியை முன்னால் தள்ளுவதோடு மேலேயும் தூக்கும். பின்பக்கம் முட்டிக்கு மேல் சரியாக நிற்கிற சட்டை, முன்பக்கம் ஒரு சாண் ஏறிக்கொண்டு நிற்கும். அதனால் பெரிய துண்டுகளுக்குக் கீழ் ஓரத்தை வில்லாக வளைத்து, நடுவில் இரண்டு மூன்று அங்குலம் கூட்டி வெட்ட வேண்டும். மேசையில் பரப்பினால் கோணலாகத் தெரியும். உடம்பில் ஏறினால் ஓரம் நேராகிவிடும்.

1938-இல் அமெரிக்காவின் டாலஸ் நகரில் எல்சி ஃபிராங்ஃபர்ட் என்ற பெண் இதே தூக்கலைத்தான் பார்த்திருக்கிறார். கர்ப்பிணியான அக்காள் எட்னாவின் பாவாடை முன்னால் ஏறிக்கொண்டு நின்றது. எல்சி அதை அகலமாக்கவில்லை. வயிற்றுக்கு நேராகப் பாவாடையில் ஒரு ஜன்னல் வெட்டிவிட்டார். இடுப்பு இடுப்பிலேயே நிற்க, வயிறு ஜன்னல் வழியாக வெளியே வர, மேலே நீளமான சட்டை அதை மறைத்துக்கொண்டது. பாவாடை கடைசி மாதம் வரை நேராகத் தொங்கியது. பேஜ் பாய் என்று அவர்கள் தொடங்கிய நிறுவனம் அந்த ஜன்னலின் மேல் எழுந்தது. இந்தக் கதையில் எனக்குப் பிடித்தது, அக்காளுக்காகத் தங்கை கத்தரியை எடுத்தாள் என்பதுதான். கர்ப்பிணி உடையில் உருப்படியாக வந்தவை பல, வீட்டுக்குள் யாரோ யாரையோ பார்த்துப் பொறுக்க முடியாமல் செய்தவை.

இணைப்பதற்கு வருகிறேன். ஒவ்வொன்றையும் மாதிரிச் சட்டையில் வைத்து நாத்தனார் மகளைப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். முதலில் வெல்க்ரோ. காட்டுப் பாதையில் நாயின் ரோமத்தில் ஒட்டிக்கொண்ட விதைகளைப் பார்த்து ஸ்விட்சர்லாந்துக்காரர் ஜார்ஜ் டி மெஸ்ட்ரால் கண்டுபிடித்து 1955-இல் காப்புரிமை பெற்றது. நம் ஊர் வரப்பில் நடந்து சேலை ஓரத்தில் நாயுருவி ஒட்ட வீட்டுக்கு வந்த யாரும் அதைக் கண்டுபிடித்திருக்கலாம், நாம் திட்டிவிட்டுப் பிடுங்கிப் போட்டோம். வெல்க்ரோ பக்கவாட்டு இழுப்பைத் தாங்கும், ஓரத்திலிருந்து உரித்தால் உடனே வந்துவிடும். பெண் உட்காரும்போது வயிறு அதை உரிக்கத்தான் செய்கிறது. "பன்னிரண்டு பேர் இருந்த கூட்டத்தில், மேலாளர் பேசி நிறுத்திய நேரம் பார்த்து, சர்ரென்று ஒரு சத்தம். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள் அத்தை. நான் பையைத் திறந்தது போல் நடித்தேன்" என்று சொன்னாள். இரண்டு முறை துவைத்ததும் அது வீட்டிலுள்ள பஞ்சையெல்லாம் சேர்த்துக்கொண்டு ஒட்டவும் மறுத்தது.

அடுத்து ஜிப். ஜிப் நேர்கோட்டில் வாழப் பழகியது. வளைந்து எழும் வயிற்றின் இரு பக்கமும் ஜிப் வைத்தால் துணி அலை அலையாகப் புடைக்கும், வயிற்றில் தண்டவாளம் போட்டது போல் இருக்கும். அதற்கு அடுத்து, கடையில் டிச் பட்டன் என்று சொல்லும் அழுத்துப் பொத்தான். இது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. கண்ணால் பார்க்காமல் விரலால் தடவி, 'டிக்' என்ற சத்தத்தை வைத்தே மாட்டலாம். ஏழெட்டு மாதத்தில் தன் வயிற்றுக்குக் கீழே இருப்பதைப் பார்க்க முடியாத பெண்ணுக்கு அந்தச் சத்தம் பெரிய உதவி. ஆனால் பத்து நாளில் தொப்புளுக்கு இருபுறமும் சிவந்து தடித்துவிட்டது. நிக்கல். ஜீன்ஸ் பொத்தான் படுகிற இடத்தில் சிலருக்குத் தடிக்குமே, அதேதான். கர்ப்பத்தில் இழுபட்டு ஏற்கெனவே அரிக்கிற தோல் அதைச் சும்மா விடுமா?

ஆகவே ரவிக்கைக் கொக்கிக்கு வந்து சேர்ந்தேன். நாற்பது ஆண்டு கைப்பழக்கம். ஆனால் கொக்கியின் குணம் எனக்கு அப்போதுதான் சரியாகப் புரிந்தது. கொக்கி நிற்பதற்கு இழுப்பு வேண்டும். ரவிக்கை உடம்பைப் பிடித்துக்கொண்டு நிற்பதால்தான் ஊக்குப் பட்டி கழலாமல் இருக்கிறது. தொளதொளவென்ற கர்ப்பகாலச் சட்டையில் இழுக்க ஆள் இல்லாததால் கொக்கி தானாகவே நழுவிவிடும். அழுத்துப் பொத்தானோ நேர்மாறு, இழுத்தால் திறந்துகொள்ளும். ஒரே நாளில் காலையில் தொளதொளப்பாகவும், மதியம் சாப்பிட்ட பிறகு இறுக்கமாகவும், மாலையில் மறுபடி வேறாகவும் இருக்கிற உடம்புக்கு இரண்டும் ஒத்துவரவில்லை. கடைசியில் தட்டையான சிறு பொத்தானும், துணியால் செய்த சுருக்கு வளையமும் என்று முடிவு செய்தேன். இறுகினாலும் தளர்ந்தாலும் வளையம் பொத்தானை விடாது. மேலே ஒரு மறைப்புப் பட்டி. பொத்தான் உடம்பில் படாமல் இருக்க அடியில் பருத்தி நாடா. கை கழற்றும் இடத்திலும், அதாவது தோள் வட்டத்தைச் சுற்றியும், அதே வளையங்கள்.

துணி வாங்க அராப் ஸ்திரீட்டுக்குப் போனேன். மிருதுவான பாப்லின், கரும்பச்சை. ஒரே கட்டிலிருந்து மொத்தத்தையும் வெட்டி வாங்க வேண்டும், இல்லையென்றால் சாயம் ஒரு மயிரிழை மாறி, துண்டு துண்டென்று காட்டிக்கொடுத்துவிடும். அடுத்த முக்கால் மாதம் என் ஜன்னலோர மேசையில் வேறு வேலை ஓடவில்லை.

மூன்றாம் மாதத்திலிருந்து ஒன்பதாம் மாதம் வரை ஏழு துண்டுகள். எது எது என்று குழம்பாமல் இருக்க, ஒவ்வொன்றின் உள் ஓரத்திலும் சிவப்பு நூலால் எண் போட்டேன். 3, 4, 5 என்று 9 வரை. கையால் போட்ட தையல், நல்ல அழகு. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது. கொடுத்த அன்று அவள் எண்களைத் தடவிப் பார்த்துவிட்டு, "பள்ளிக்கூடத்தில் வகுப்பு ஏறுவது போல் இருக்கிறது அத்தை" என்றாள். இருவரும் சிரித்தோம்.

இரவு 11 மணி

நான்காம் எண்ணையும் ஐந்தாம் எண்ணையும் பற்றி நல்ல செய்திகள் வந்துகொண்டிருந்தன. அலுவலகத்தில் இருவர் எங்கே வாங்கியது என்று கேட்டார்களாம். கழற்றும் கை பெரிய வெற்றி. பிறகு சில வாரம் பேச்சில்லை. வேலை அதிகம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு வியாழக்கிழமை இரவு 11 மணிக்குக் கைப்பேசி அடித்தது. அந்த நேரத்தில் அழைக்கிறவள் இல்லை. எடுத்தவுடன் குரல் தணிந்திருந்தது, பக்கத்து அறையில் கணவன் தூங்குகிறான் போலிருந்தது.

"அத்தை, ஏழாம் எண் துண்டு எத்தனை அங்குலம்?"

சொன்னேன்.

"எனக்கு அது தொளதொளவென்று தொங்குகிறது. ஆறாம் எண்ணும் பெரிதாகத்தான் இருக்கிறது. இன்னும் ஐந்தாம் எண்தான் சரியாக இருக்கிறது. எனக்கு ஏழு நடக்கிறது அத்தை."

"நான் பெரிதாக வெட்டிவிட்டேன் போலிருக்கிறது கண்ணு, நாளைக்குக் கொண்டு வா."

"நீங்கள் அளவில் தவற மாட்டீர்கள்."

அந்த வாக்கியத்தை நான் வேறு எந்த நாளில் கேட்டிருந்தாலும் பூரித்துப் போயிருப்பேன். இரண்டு வாரமாக ஒவ்வொரு நாள் இரவும் குளியலறைக் கதவைத் தாழிட்டுவிட்டு, கண்ணாடி முன் நின்று ஏழாம் எண்ணை மாட்டிப் பார்த்து, எவ்வளவு துணி மிச்சம் இருக்கிறது என்று விரலால் பிடித்து அளந்துகொண்டிருந்தாளாம். முதல் நாள் நான்கு விரல். நேற்றும் நான்கு விரல். குழந்தை வளரவில்லையோ என்று அவளுக்கு எழுந்த பயத்தைக் கணவனிடமும் சொல்லவில்லை, தாயிடமும் சொல்லவில்லை. தாயிடம் சொன்னால் வளைகாப்பு நேரத்தில் வீடே கலங்கிவிடும். துணி தைத்த என்னிடம் கேட்டால் மட்டும் அது துணியைப் பற்றிய கேள்வியாகவே இருந்துவிடும் என்று நினைத்திருக்கிறாள். குழந்தை அசைகிறதா என்று கேட்டேன். அசைகிறது என்றாள். காலையில் முதல் வேலையாக மருத்துவரிடம் போ, நானும் வருகிறேன் என்றேன். வைத்துவிட்டு, விளக்கைப் போட்டுக்கொண்டு மேசை இழுப்பறையைத் திறந்தேன்.

எதற்குத் திறந்தேன் என்று எனக்குத் தெரியும். உள்ளே நீல அட்டை போட்ட ஒரு பழைய அளவுப் புத்தகம். ஏழு துண்டுகளுக்கும் தோள், மார்பு, கை எல்லாம் அவளிடம் எடுத்த அளவு. வயிறு எப்படி ஏறும் என்ற கணக்கு மட்டும் அந்தப் புத்தகத்திலிருந்து எடுத்தது. 1998-இல் என் மகனைச் சுமந்தபோது, கடையில் சும்மா உட்கார முடியாமல், ஒவ்வொரு மாதமும் முதல் தேதி என்னையே அளந்து எழுதி வைத்த பக்கம். ஏழுக்கு நேரே 41 அங்குலம். நான் ஐந்தடிக்கு ஓர் அங்குலம் குட்டை, எனக்கு அது இரண்டாவது பிள்ளை. குள்ளமான உடம்பில் குழந்தைக்கு மேலே போக இடமில்லை, முன்னால்தான் வரும். முதல் பிள்ளையில் இறுகியிருக்கும் வயிற்றுத் தசை இரண்டாவதில் சீக்கிரம் விட்டுக்கொடுத்துவிடும். அவளோ ஐந்தரை அடி உயரம், முதல் பிள்ளை. இவ்வளவும் எனக்குத் தெரிந்ததுதான். கடைக்கு வருகிறவர்களிடம் நானே எத்தனை முறை சொல்லியிருப்பேன்! தெரிந்தும் என் ஏழாம் மாதத்தை வெட்டி, சிவப்பு நூலால் 7 என்று போட்டு, அவளிடம் கொடுத்திருக்கிறேன். கண்ணாடி முன் அவள் தன்னை அளந்தது 27 ஆண்டுக்கு முந்தைய என் வயிற்றோடு.

மறுநாள் காலையில் தாதி அவளைப் படுக்க வைத்து, சட்டையை விலக்கி, சட்டைப்பையிலிருந்து ஓர் அளவு நாடாவை எடுத்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் கழுத்தில் கிடப்பதைப் போலவே ஒரு நாடா. இடுப்பெலும்பின் மேல் விளிம்பிலிருந்து கருப்பையின் உச்சி வரை, வயிற்றின் வளைவில் மேலே போகிற ஓர் அளவு. 20 வாரத்துக்கு மேல், எத்தனை வாரமோ ஏறக்குறைய அத்தனை சென்டிமீட்டர் இருக்கும், இரண்டு கூடவோ குறையவோ இருந்தால் பாதகமில்லை என்று அவர் சொன்னார். நான் வாழ்நாள் முழுவதும் வயிற்றைச் சுற்றித்தான் அளந்திருக்கிறேன். அவர்கள் சுற்றளவைத் தொடக்கூட இல்லை. 28-ஆம் வாரம், 27 சென்டிமீட்டர். பிறகு ஸ்கேனிலும் பார்த்துவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது, உயரமான பெண், வயிறு அடக்கமாகத்தான் தெரியும் என்றார் மருத்துவர். அவள் அழுதாள். நான் தாதியின் கையிலிருந்த நாடாவைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இடையில் ஒன்று சொல்ல வேண்டும். வீட்டுக் கணக்கும் மருத்துவமனைக் கணக்கும் ஒருநாளும் ஒத்துப்போவதில்லை. ஆச்சிக்கு மாதம் பிறக்கிறது, மருத்துவருக்கு வாரம் முடிகிறது, கைப்பேசிச் செயலி குழந்தை இன்று கத்தரிக்காய் அளவு என்கிறது. ஒவ்வொருவரும் ஒரு கணக்கோடு அந்தப் பெண்ணைச் சுற்றி நிற்கிறார்கள். "வயிறு இறங்கியிருக்கிறதே", "ஏழுக்கு இது சின்னதாயிற்றே", "இரட்டையோ?" என்று மின்தூக்கியில் ஏறுகிற பக்கத்து வீட்டுக்காரர் வரை அளக்கிறார்கள். போதாததற்கு அவளுடைய சட்டையின் உள் ஓரத்திலும் ஒரு தேர்வுத் தாளை நான் தைத்து அனுப்பியிருக்கிறேன்.

அன்று சாயங்காலமே ஏழு துண்டுகளையும் வாங்கிவந்து, பிளேடின் நுனியால் எண்களைப் பிரித்தேன். அழகாகப் போட்ட தையல் பிரிப்பதற்கு நேரம் எடுக்கும். நெருக்கமாகப் போட்ட கை, இப்போது அதற்குத் தண்டனை அனுபவித்தது.

தாயும் இரு குழந்தைகளும்

எண்களைப் பிரித்தால் போதுமா என்ற கேள்வி அதன் பிறகும் தொந்தரவு செய்தது. எண் இல்லாவிட்டாலும் ஏழு துண்டுகள் ஏழு படிகள்தானே. ஒன்று பத்தாமல் அடுத்ததற்குப் போவது, அடுத்தது இன்னும் பெரிதாக இருப்பது, இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டு நிற்பது. படிகள் இருக்கும் வரை "நான் எந்தப் படியில் இருக்க வேண்டும்?" என்ற கேள்வியும் இருக்கும்.

வழி கிடைத்தது எதிர்பாராத இடத்தில். வெளியூரிலிருந்து வந்த என் தோழியை ஆர்மீனியன் ஸ்திரீட்டிலுள்ள பெரனாக்கான் அரும்பொருளகத்துக்கு அழைத்துப் போயிருந்தேன். சீன-மலாய்க் கலப்பு மரபினரான பெரனாக்கான்களில் பெண்களை நியோன்யா என்பார்கள். அவர்கள் உடுத்தும் கெபாயா என்ற மேற்சட்டைகளை நான் முன்பே பார்த்திருக்கிறேன், பூத்தையலை வியந்துவிட்டு நகர்ந்துவிடுவேன். 2024 டிசம்பரில் சிங்கப்பூர், மலேசியா, இந்தோனேசியா, புருணை, தாய்லாந்து ஆகிய ஐந்து நாடுகளும் சேர்ந்து கெபாயாவை யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் ஏற்றியபோதுகூட, நாளிதழில் படித்துவிட்டு மடித்து வைத்ததோடு சரி. இந்த முறை கண் வேறொன்றைத் தேடியது. கெபாயாவில் பொத்தான் இல்லை, காஜா இல்லை, கொக்கி இல்லை. முன்பக்கம் திறந்தே இருக்கிறது. அதைச் சேர்த்துப் பிடிப்பது கெரோங்சாங் என்ற மூன்று ஊசிப் பதக்கங்கள். பெரியது ஒன்று, சிறியவை இரண்டு. பெரியதற்கு இபு, அதாவது தாய் என்று பெயர். சிறியவற்றுக்கு அனாக், குழந்தை. கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நான் நின்ற நேரம் தோழிக்குப் பொறுமை போய்விட்டது.

பெயர்ப் பொருத்தம் ஒரு பக்கம் இருக்கட்டும், என்னை நிறுத்தியது ஊசி துளைக்கும் இடம். எங்கே குத்த வேண்டும் என்று தைத்தவர் முடிவு செய்து வைக்கவில்லை. உடுத்துகிறவள் ஒவ்வொரு காலையும் இரண்டு ஓரங்களையும் தன் உடம்பின் மேல் இழுத்துப் பார்த்து, அன்றைக்கு எங்கே சேர்கிறதோ அங்கே குத்திக்கொள்கிறாள். மாமியாரின் கைலியும் அதே காரியத்தைத்தான் செய்கிறது. இறுக்கிச் சொருகு, தளர்த்திச் சொருகு. அவர் பழம் நறுக்கிக்கொண்டே சொன்னதை நான் அரும்பொருளகத்துக்கு நுழைவுச்சீட்டு எடுத்துப் போய்ப் புரிந்துகொண்டேன். இதை அவரிடம் சொல்லவில்லை.

இரண்டாவது சட்டையில் ஏழு துண்டு மூன்றாயிற்று. ஒவ்வொரு துண்டின் இரு ஓரங்களிலும் ஒரு வரிசைப் பொத்தானுக்குப் பதிலாக, ஓர் அங்குல இடைவெளியில் மூன்று வரிசை. இன்று எந்த வரிசை என்பது அவள் பாடு. இடது பக்கம் முதல் வரிசை, வலது பக்கம் மூன்றாம் வரிசை என்றுகூட வைத்துக்கொள்ளலாம், குழந்தை ஒரு பக்கமாக ஒதுங்கிப் படுக்கிற நாட்களில் அப்படித்தான் வைத்துக்கொண்டாள். மேலே ஒரு வரிசையும் கீழே வேறொன்றும் போட்டால் கூம்பாக விரியும். துண்டுகளை அடையாளம் காண எண்ணுக்குப் பதில் ஓரத்தில் ஒரு நூல் முடிச்சு, ஒன்றில் மஞ்சள், ஒன்றில் வெள்ளை, ஒன்றில் ஒன்றுமில்லை. எது பெரியது என்று நான் சொல்லவும் இல்லை, அவள் கேட்கவும் இல்லை. பொத்தான்கள் மட்டும் எக்கச்சக்கம். ஒரு சட்டைக்கு 54 பொத்தான் தைக்கிற பைத்தியக்காரத்தனத்தை எந்தக் கடை முதலாளியும் ஒத்துக்கொள்ள மாட்டார். கடைகளில் இப்படி விற்காததற்கு எனக்குத் தெரிந்த காரணம் இதுதான்.

நியூயார்க்கில் லீனா பிரையன்ட் என்ற தையற்காரி கர்ப்பிணிகளுக்கு உடை தைத்து விற்கத் தொடங்கிய காலத்தில், அதற்கு விளம்பரம் போட எந்தச் செய்தித்தாளும் ஒத்துக்கொள்ளவில்லை, 1911 வரை. வயிறு வெளியே தெரியக்கூடாத காலம் அது. இப்போது தெரியலாம், தெரிய வேண்டும், வயிற்றோடு படம் எடுத்துப் போட வேண்டும். ஆனால் சரியான அளவில் தெரிய வேண்டும்.

பிறந்த பிறகு

39-ஆம் வாரத்தில் பெண் குழந்தை. மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் மேல். கர்ப்பத்தில் அவள் உடுத்திய மிகப் பெரிய அளவு, என் பழைய கணக்கில் ஆறுக்கும் ஏழுக்கும் நடுவே.

பிள்ளை பெற்ற உடம்புக்கு நான் ஒன்றும் வடிவமைத்திருக்கவில்லை. கருப்பை பழைய அளவுக்குச் சுருங்க ஆறு வாரம் ஆகும். அதுவரை மஞ்சள் முடிச்சுத் துண்டையே போட்டுக்கொண்டிருந்தாள், வரிசையை மட்டும் உள்ளே உள்ளே மாற்றிக்கொண்டு. உடம்பு பிடிக்க வந்த மலாய்க்கார அம்மையார், மக்சிக் என்போம், எண்ணெய் தேய்த்து முடித்ததும் நீளமான பெங்குங் துணியை இடுப்பிலிருந்து மேலே முடிச்சு முடிச்சாகக் கட்டிக்கொண்டே வந்தார். அவர் அளவு நாடாவைக் கொண்டுவரவில்லை. கையால் இழுத்துப் பார்த்து, "செடாப்?", சுகமாக இருக்கிறதா, என்று கேட்டு, இவள் தலையாட்டினால் அடுத்த முடிச்சு. நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். நம் ஊரில் பழைய பருத்திச் சேலையைக் கிழித்துக் கட்டுவதும் இதுதான், ஆனால் நாம் இவ்வளவு அழகாக முடிச்சுப் போடுவதில்லை.

16 வார மகப்பேற்று விடுப்பு முடிந்து அவள் வேலைக்குத் திரும்புவதற்குச் சில நாள் முன்னால், முதல் சட்டையின் துண்டுகள் என்ன ஆயின என்று கேட்டேன். தூக்கிப் போட்டிருப்பாள் என்று நினைத்தேன். மூன்றும் நான்கும் சட்டையோடு இருக்கின்றன, அலுவலகத்துக்கு அதைத்தான் போடப் போகிறேன் என்றாள். எட்டும் ஒன்பதும் குழந்தையின் தொட்டிலில் விரிப்பாகக் கிடந்தன. "ஏழு?" என்றேன். காட்டினாள். அதன் மேல் ஓரத்துப் பொத்தானைத் தோள் வட்டத்தில், கை கழற்றுவதற்காக நான் வைத்த வளையங்களில் மாட்டியிருந்தாள். கழுத்துக்குக் கீழே திரை போல் விழுந்தது. உள்ளே குழந்தை பால் குடித்துக்கொண்டிருந்தது, துணிக்கு வெளியே ஒரு குதிகால் மட்டும் ஆடியது. சட்டைக்கும் திரைக்கும் ஒரே நிறம், எங்கே எது முடிகிறது என்று தெரியவில்லை. "ரயிலில்கூட யாருக்கும் தெரிவதில்லை அத்தை. அகலமாக இருப்பதால்தான் சரியாக இருக்கிறது."

போன வாரம் அந்தத் துண்டு பழுதுபார்க்க வந்திருந்தது. ஒரு பொத்தான் போய்விட்டது. பச்சை நிறம் தோள் பக்கம் வெளுத்து, பால் கறை காய்ந்து, துணி வேட்டி போல் மிருதுவாகியிருந்தது. பெட்டியில் அதே பொத்தான் இல்லை, கொஞ்சம் பெரியதாக ஒன்று கிடைத்தது. தைத்துவிட்டு, மடிப்பதற்கு முன் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இத்தனை துவைப்புக்குப் பிறகும், நான் எண்ணைப் பிரித்த இடத்தில் ஊசித் துளைகள் மூடவில்லை. தெரிந்தவர் கண்ணுக்கு ஏழு என்று படிக்கலாம். ஈரத்துணி போட்டு அந்த இடத்தைச் சூடாக ஒருமுறை தேய்த்தேன். கொஞ்சம் மங்கியது. மடித்துப் பையில் வைத்தேன்.